லைட் போட்டாலும் அணைச்சாலும் ஒரே கரண்ட்: ஹெமடைட் ஆனோடு, உதவி வேணும்

லாஸ்பேட்டை_எம்எஸ்சி: அவசரம், வியாழக்கிழமை ரிவ்யூ. எஃப்டிஓ கண்ணாடியில (கரண்ட் கடத்துற வெள்ளீய ஆக்சைடு பூச்சு போட்டது) ஹெமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு படலம் வளர்த்து, வெளிச்சத்துல தண்ணியைப் பிரிக்கிற ப்ராஜெக்ட். 1.23 வோல்ட் வச்சேன். லைட் போட்டாலும் அணைச்சாலும் அதே 7 மில்லி ஆம்பியர். மூணு படலம் மாத்தியாச்சு. எங்க தப்பு?

மஞ்சக்குப்பம்: எலக்ட்ரோலைட் என்ன? வோல்ட்டை எந்த ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை வச்சு அளக்கிறீங்க? படலத்தைச் சுட்ட ஃபர்னஸ் எத்தனை டிகிரி?

உப்பனாறு: ஃபர்னஸ்தான், சந்தேகமே வேண்டாம். 800 டிகிரியில பத்து நிமிஷம் வைங்க. எஃப்டிஓல இருக்கிற வெள்ளீயம் படலத்துக்குள்ள ஏறினாத்தான் ஹெமடைட் வேலை செய்யும். கண்ணாடி வளையும், அடியில செராமிக் தட்டு வேணும். இது புரியறதுக்குள்ள எனக்கு ஒரு வருஷம் போச்சு.

பழைய_ஆள்: ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972லயே டைட்டானியம் டை ஆக்சைடுல செஞ்சு காட்டினது. அடிப்படையைப் படிச்சுட்டு எலக்ட்ரோடைத் தொடணும். ஹெமடைட் பேண்ட் கேப், அதாவது ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப வெளிச்சம் தர வேண்டிய குறைஞ்சபட்ச ஆற்றல், எவ்வளவுன்னாவது தெரியுமா?

உப்பனாறு: 2.1 எலக்ட்ரான் வோல்ட். உள்ள உண்டாகிற ஹோல் (எலக்ட்ரான் கிளம்பிப் போன காலியிடம்) சில நானோமீட்டர் நகர்றதுக்குள்ள அழிஞ்சிடும், அதான் இதுல இவ்வளவு பாடு. கேட்க வந்த பிள்ளையை மிரட்டாதீங்க சார்.

தேவனாம்பட்டினம்: நடுவுல ஒரு சந்தேகம். கடல் கூப்பிடு தூரத்துல இருக்கே, கடல் தண்ணியையே ஊத்தினா என்ன?

மஞ்சக்குப்பம்: ஆனோடுல ஆக்சிஜனுக்குப் போட்டியா குளோரின் வரும். மூடின ரூம்ல முயற்சி பண்ணாதீங்க.

பழைய_ஆள்: எதுக்கு இந்த வம்பு? சோலார் பேனல், ஒரு எலக்ட்ரோலைசர், வேலை முடிஞ்சது.

உப்பனாறு: ரெண்டு கருவி செய்யற வேலையைத் துருவோட இனமான ஒரு படலம் செய்யுமான்னுதானே இந்த ஆராய்ச்சியே! இரும்பை விட மலிவா எதைத் தேடுவீங்க?

லாஸ்பேட்டை_எம்எஸ்சி: மன்னிக்கணும், கிளாஸ்ல இருந்தேன். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. சில்வர்-சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ். லைட்டை அணைச்ச பிறகும் படலத்துல குமிழி கிளம்பிக்கிட்டே இருக்கு.

மஞ்சக்குப்பம்: அந்தக் குமிழிதாம்மா விடை. 1.23ங்கிறது ஆர்ஹெச்இ, அதாவது ஹைட்ரஜன் எலக்ட்ரோடை வச்சு அளக்கிற கணக்கு. உங்க ரெஃபரன்ஸ்ல வச்சதோட 0.197ஐயும், 0.059ஐ பிஹெச் 13.6ஆல பெருக்கி வர்றதையும் கூட்டுங்க. அந்தக் கணக்குல நீங்க நிக்கிறது 2.23 வோல்ட். அங்க இருட்டுலயே தண்ணி பிரியும், வெளிச்சத்தால வர்ற கரண்ட் அதுல மூழ்கிப் போகும். உங்க ரெஃபரன்ஸ்ல 0.23ல வச்சு, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அட்டையால மறைச்சுப் பாருங்க. இந்தக் காரத்துல அந்த ரெஃபரன்ஸ் நாளடைவுல நகரும், மெர்க்குரி-மெர்க்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ் கிடைச்சா மாத்திடுங்க.

லாஸ்பேட்டை_எம்எஸ்சி: அட்டையை நீட்டினா கோடு இறங்குது, எடுத்தா ஏறுது!! 0.05 மில்லி ஆம்பியர்தான். ஃபர்னஸ் 550 வச்சிருந்தேன், நாளைக்கு 800. ரொம்ப நன்றிண்ணா.

உப்பனாறு: செராமிக் தட்டு.