விஹெச்டிஎல்லா, வெரிலாக்கா? ஜெர்மனி வந்தாச்சு, அவசரம்

புதுமுகம்: அண்ணா, அக்கா, ரெண்டு வாரத்துல லேப் ஆரம்பம். ஊர்ல சீனியர்ஸ் எல்லாரும் வெரிலாக்னு சொல்றாங்க, இங்க சிலபஸ்ல விஹெச்டிஎல். ரெண்டுமே டிஜிட்டல் சர்க்யூட்டைக் கோடா எழுதுற மொழிதான். எதை முதல்ல படிக்கிறது? ராத்திரி தூக்கமே வரல.

இசார்கரை: முதல்ல ஆன்மெல்டுங், அதான் முகவரிப் பதிவு, முடிங்க தம்பி. குடிபுகுந்து 2 வாரம்தான் கெடு. வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் வேணும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினா செல்லாது.

கேட்வாசல்: அவர் கேட்டது அதுவா? வெரிலாக் படிங்க, அப்படியே சிஸ்டம்வெரிலாக் போயிடலாம். 2009லயே வெரிலாக் தரம், சிஸ்டம்வெரிலாக் தரமான ஐஇஇஇ 1800க்குள்ள சேர்ந்துடுச்சு. சிப் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது டிசைன் சரியானு சோதிக்க, யுவிஎம்ங்கிற லைப்ரரி வேணும், அதுவும் சிஸ்டம்வெரிலாக்லதான்.

ஃபிளிப்ஃபிளாப்: ஜெர்மனில எஃப்பிஜிஏ (சர்க்யூட்டை நாமே மாத்தி அமைக்கிற சிப்) வேலைன்னா விஹெச்டிஎல் தெரியாம நகர முடியாது. அந்த மொழியோட கறார் புதுசா படிக்கிறவங்களுக்கு நல்லது. வெரிலாக்ல 8 பிட் ஒயர் பேரைப் போர்ட்ல தப்பா அடிச்சா, அந்தப் பேர்ல 1 பிட் ஒயரை அதுவே உருவாக்கிக்கும். மிச்சம் 7 பிட் அம்போ, எர்ரரும் வராது.

கேட்வாசல்: ஃபைல் தலைப்புல, அறிவிக்காத ஒயரை உருவாக்காதேன்னு சொல்ற டிஃபால்ட்_நெட்டைப் நன் வரியைப் போட்டா அந்தக் கதை முடிஞ்சுது. விஹெச்டிஎல்ல ஒரு கவுண்டருக்கே அரைப் பக்கம் அடிக்கணும்.

இசார்கரை: அதை விடுங்க, ரேடியோவே இல்லாத வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ரேடியோ கட்டணம்! கேக்க ஆளில்ல.

தூறல்: சேர்ந்து தங்கினா வீட்டுக்கு ஒருத்தர் கட்டினாப் போதும். ஞாயித்துக்கிழமை கடை மூடுறதுதான் பெரிய கொடுமை.

லாட்ச்அக்கா: போதும்பா. சிலபஸ்ல விஹெச்டிஎல்னா அதுதான் முதல்ல, இதுல பட்டிமன்றம் எதுக்கு? விஹெச்டிஎல் சிமுலேட்டர் ஜிஹெச்டிஎல் இலவசம், சிக்னல் அலைவடிவத்தை ஜிடிகேவேவ் டூல்ல பாருங்க. எண் கணக்குக்கு நியூமரிக்_எஸ்டிடி பேக்கேஜ் மட்டும் சேருங்க. பழைய நோட்ஸ்ல இருக்கிற எஸ்டிடி_லாஜிக்_ஆரித்தும் கூட வந்தா, ரெண்டுலயும் இருக்கிற 'அன்சைன்ட்' டைப் மோதி கம்பைல் ஆகாது. கம்பினேஷனல் (கிளாக் இல்லாத) பிராசஸ்ல எல்ஸ் விட்டுப்போனா, பழைய மதிப்பைப் பிடிச்சு வெக்கிற லாட்ச் முளைக்கும். லேப்ல எஃப்பிஜிஏ போர்டு எதுன்னு சொல்லவே இல்லையே தம்பி?

புதுமுகம்: பேசிஸ் 3 அக்கா.

லாட்ச்அக்கா: அதுல கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அது வர்ற சிப் பின்னோட பேர் டபிள்யூ5. எல்இடி அரை நொடிக்கு ஒருக்கா மாறணும்னா கவுண்டர் 4,99,99,999 வரை எண்ணணும். 26 பிட் வேணும். 25 பிட் போட்டா 3,35,54,431லயே பூஜ்யத்துக்குத் திரும்பிடும், எல்இடி மாறவே மாறாது. சிமுலேஷன்ல அந்த எல்லையை 5னு வெச்சுக்கோங்க, இல்லேன்னா விடிய விடிய ஓடும்.