சார்ஜர் செருகினால் ஹெட்போனில் இரைச்சல்: எங்கள் வீட்டில் நடந்ததும், அதற்கு மற்றவர்கள் எழுதிய பதில்களும்

கடலூர், மஞ்சக்குப்பம்

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கித் தருவது என் தொழில். வீட்டிலிருந்தே செய்கிறேன். பெரும்பாலும் வயதான மீனவர்கள், நெசவாளர்களின் பேட்டிகள்தான் வரும். பல் போன வாயிலிருந்து மெல்ல வரும் சொல்லைப் பிடிக்க ஒரே வரியை ஐந்தாறு தடவை ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும். போன மாதம் ஒரு பெரியவர் சொன்னது ‘வாடை’யா ‘ஓடை’யா என்பதிலேயே அரை மணி நேரம் போனது. காரணம், ஹெட்போனில் விடாமல் கேட்ட ‘ம்ம்ம்’ என்ற முனகல். அதற்கு மேலே கொசு பறப்பதுபோல மெல்லிய ‘கிர்ர்’ வேறு.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் அடுத்த நொடியே முனகல் அடங்கிவிடும். செருகினால் திரும்ப வந்துவிடும். ஆனால் பழைய லேப்டாப், பேட்டரி 40 நிமிடம் தாங்கினால் பெரிது. சார்ஜர் இல்லாமல் வேலை நடக்காது.

முதலில் ஹெட்போன்தான் கெட்டுவிட்டது என்று 1,800 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினேன். அதே முனகல். ஒரு கடையில் மதர்போர்டு போயிருக்கும் என்றார்கள். இன்னொரு கடையில் சவுண்டு டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து செருகினேன், முனகல் அப்படியே இருந்தது.

தற்செயலாக ஒன்றைக் கவனித்தேன். என் மணிக்கட்டு லேப்டாப்பின் உலோக விளிம்பில் பட்டால் சத்தம் பாதியாகக் குறைகிறது. கையை எடுத்தால் ஏறுகிறது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தால் அந்த விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல சுறுசுறு என்று இருக்கும். செருப்பு போட்டிருந்தால் அது தெரியாது. டெஸ்டரை எடுத்து லேப்டாப் அடியில் இருக்கும் ஒரு ஸ்க்ரூவில் வைத்தேன். மங்கலாக எரிந்தது.

பயந்துபோய், தெருமுனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வயரிங் பார்ப்பவர். மல்டிமீட்டரை லேப்டாப் உடம்புக்கும் தரைக்கும் நடுவே பிடித்தார். 92 வோல்ட் காட்டியது.

“பயப்படாதம்மா, இது ஆளக் கொல்ற கரண்ட் இல்ல. ஆனா உன் வீட்ல எர்த் இல்லன்னு சொல்லுது” என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சார்ஜருக்குள் கரண்டை மிக வேகமாக வெட்டி வெட்டித்தான் 230 வோல்ட்டை 19 வோல்ட்டாக இறக்குகிறார்கள். அப்படி வெட்டும்போது எழும் இரைச்சலை வடிக்கச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் உள்ளே இருக்கும். வடித்ததை அவை எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு அனுப்ப வேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் லேப்டாப்பின் உடம்பிலேயே தங்கிவிடும். பேஸ் (கரண்ட் வரும் கம்பி) பக்கம் ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) பக்கம் ஒன்று இருப்பதால் 230-இல் ஏறக்குறைய பாதி வோல்ட் உடம்பில் நிற்கிறது. கரண்டின் அளவு மிகமிகக் குறைவு என்பதால் சுறுசுறுப்போடு போய்விடுகிறது. ஹெட்போன் ஒயரின் பொதுக்கம்பியும் அதே உடம்போடுதான் இணைந்திருக்கிறது, அதனால் அந்த அழுக்கெல்லாம் காதுக்கு வருகிறது. நான் விளிம்பைத் தொட்டபோது என் உடம்பே அதற்கு ஒரு வடிகாலாக இருந்திருக்கிறது.

முதலில் சார்ஜரைச் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸை, அதாவது ஒயரோடு வரும் நீட்டிப்புப் பெட்டியைத் திறந்தார். நான்கு ஸ்க்ரூ. நான் மூன்று ஓட்டைப் பெட்டி என்று நம்பி வாங்கியது. உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள். எர்த்துக்கான மூன்று பித்தளைக் குழல்களும் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நின்றன. வெளியே மூன்று பின், உள்ளே இரண்டு கம்பி! உங்கள் வீட்டுப் பெட்டியையும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே வரும் ஒயரில் பச்சைக் கம்பி ஒன்றும் தெரிய வேண்டும்.

சரி, நேராகச் சுவர் பிளக்கில் செருகினோம். அப்போதும் முனகல். அண்ணன் ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்பை எடுத்து ஒரு முனையை பேஸிலும் மறுமுனையை எர்த் ஓட்டையிலும் வைத்தார். எர்த் இருந்திருந்தால் எரிந்திருக்கும். பல்பு எரியவே இல்லை. (இதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.) பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே மீட்டர் பெட்டி வரை போனார். அங்கே அது வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றியபடி கிடந்தது.

அப்புறம்தான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கொல்லைப்பக்கத்து முருங்கை மரம் மீட்டர் பெட்டி மேலேயே விழுந்து சுவரோடு பெயர்த்துவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் வரவே பல நாள் ஆனது. வந்தவுடன் எரிந்தால் போதும் என்று யாரோ ஒருவர் அவசரமாக இரண்டு கம்பியை மட்டும் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். எர்த் கம்பியைப் பிறகு யாரும் தேடவில்லை. எர்த் குழியில் இருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தோண்டிப் பார்த்தால் உப்புக்காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் கிளாம்ப் துருவாக உதிர்ந்தது.

இதில் என்னை உலுக்கியது லேப்டாப் இல்லை. இரண்டு வருடமாக அம்மா, “கிரைண்டர் சுர்ருங்குதுடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாவு தள்ளும்போது காலடியில் ஒரு மரப்பலகை போட்டுக்கொள்வார். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எதற்குமே பதின்மூன்று வருடமாக எர்த் இல்லை. ஹீட்டரில் ஒரு காயில் வெடித்திருந்தால்? நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

புதிதாகக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள். கையோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றும் போட்டுக்கொண்டோம். அன்று இரவு சார்ஜரைச் செருகி ஹெட்போனை மாட்டினேன். முனகல் இல்லை. மவுஸை நகர்த்தும்போது மட்டும் அந்தக் கொசுச் சத்தம் லேசாக மிச்சம் இருந்தது. அது லேப்டாப்பின் உள்ளேயே பிறப்பது, எர்த்தால் போகாது. யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று வாங்கிச் செருகியதும் அதுவும் போய்விட்டது.

புதுச்சேரி, லாஸ்பேட்டை

அக்கா, என் சார்ஜருக்கு இரண்டே பின்தான். வீட்டு எர்த்தை எவ்வளவு சரிசெய்தாலும் அது சார்ஜருக்குப் போய்ச் சேர வழியே இல்லை. ஹாஸ்டல் மேஜையில் இரும்பு விளக்கைத் தொட்டுக்கொண்டே ஆன்லைன் வகுப்பு கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் புராஜெக்ட் வேலைக்காக ஒரு பெரிய மானிட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டினேன். அந்த மானிட்டருக்கு மூன்று பின் பிளக். மாட்டிய உடனே ஹெட்போன் இரைச்சல் நின்றுவிட்டது, லேப்டாப்பைத் தொட்டால் வரும் சுறுசுறுப்பும் இல்லை. கேபிளின் வெளிக்கவசம் வழியாக மானிட்டரின் எர்த் என் லேப்டாப்புக்கும் கிடைத்திருக்கிறது என்று எங்கள் லேப் சார் சொன்னார். மானிட்டர் இல்லாத இடத்தில் புளூடூத் ஹெட்போன்தான். ஒயரே இல்லை என்றால் இரைச்சலுக்கு வழியும் இல்லை.

கடலூர் முதுநகர்

எனக்கும் சார்ஜர்தான் என்று நினைத்தேன். ஆனால் சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் கரகரப்பு இருந்தது. ஜாக்கைத் திருகினால் ‘கரக் கரக்’. உற்றுப் பார்த்தால் பின்னின் கறுப்பு வளையத்தை ஒட்டிப் பச்சையாகக் களிம்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, இரும்பு கேட்டே வருடத்துக்கு ஒருதரம் பெயிண்ட் கேட்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், சரியாகிவிட்டது. முதலில் சார்ஜரைக் கழற்றிக் கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதுச்சேரி, அரியாங்குப்பம்

கல்யாணம், காதுகுத்து என்று மைக்செட் போடுகிறவன் நான். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

மேடையில் லேப்டாப்பிலிருந்து மிக்சருக்கு (ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் கருவி) பாட்டு கொடுக்கும்போது ‘உம்ம்ம்’ என்று பெட்டி முழுக்க உறுமும். சார்ஜரைக் கழற்றினால் நிற்கும். இது மேலே சொன்னதற்கு நேர் எதிர்க் கதை. இங்கே எர்த் இல்லாததால் உறுமல் வரவில்லை. எர்த் இரண்டு வழியாக வருவதால் வருகிறது. லேப்டாப் மேடைக்குப் பக்கத்து பிளக்கில், மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் மண்டபத்தின் பின்பக்கத்து பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ ஒயர் பாலம் போட்டுவிடுகிறது. அந்த வட்டத்தில் ஓடும் கரண்டுதான் உறுமுகிறது.

என்னோடு வேலை செய்த பையன் ஒருத்தன் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மேல் பின்னை, அந்தப் பெரிய பின்னை, கட்டரால் வெட்டிவிட்டான். உறுமல் நின்றது. மழைத்தூறல் போட்ட ஒரு ராத்திரி, மைக் பிடித்த பாட்டுக்காரருக்கு உதட்டில் சுரீர் என்று அடித்தது. நல்லவேளை, தூக்கிப் போட்டதோடு முடிந்தது. அன்றிலிருந்து எர்த் பின்னை யாராவது தொட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு எர்த்தை விலக்குவதும் இதே தப்புதான்.

முதலில் லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். அதிலேயே பாதி இடத்தில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் 3.5 மி.மீ. ஜாக்குக்கு நடுவே செருகும் ஐசொலேட்டர் கிடைக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு காந்தமாகத் தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு அறுந்துவிடும். நான் எப்போதும் பையில் இரண்டு வைத்திருப்பேன்.

பண்ருட்டி

எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும்போது சுத்தமாக இருக்கும், கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘ஜ்ஜ்ஜ்’. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்டைச் சதுர அலையாகத் தருவது. ஃபேனும் அப்போது உறுமும். வீட்டுக் கரண்ட் போலவே வழுவழுப்பான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றியதும் இரண்டும் போய்விட்டது.

கடலூர், மஞ்சக்குப்பம்

எல்லோருக்கும் நன்றி. அரியாங்குப்பம் அண்ணன் சொன்னதைப் படித்ததும் வீட்டில் இருந்த இரண்டு பின் கன்வெர்ட்டர்களை எடுத்துக் குப்பையில் போட்டேன். லாஸ்பேட்டைத் தம்பிக்கு: மானிட்டரின் பிளக் செருகும் ஹாஸ்டல் போர்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று வார்டனிடம் சொல்லி ஒருமுறை பார்க்கச் சொல்லுப்பா. உனக்குச் சுறுசுறுப்பு நின்றிருப்பதால் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பதிவை நேற்று மறுபடி போட்டுக் கேட்டேன். ‘வாடை’தான். “வாடை தொடங்கிட்டா கட்டுமரம் எறக்க மாட்டோம்” என்கிறார். நான் ‘ஓடை’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். திருத்தி அனுப்பிவிட்டேன்.

கேட்டவர்களுக்கு: எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன். எங்கள் பக்கம் மணல், சீக்கிரம் காய்ந்துவிடும். அம்மா தினமும் துளசிக்கு ஊற்றும்போதே அதற்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்.