பிள்ளைக்கு முதல் கார்ன் ஸ்நேக்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி (டர்பன்)

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகி அம்லாங்கா பக்கம் குடிவந்திருக்கோம். பத்து வயசு மகள் கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பார்த்து வச்ச குட்டி சாம்பல் நிறம். டப்பா மேல "கோஸ்ட், ஹெட் அமெல்"னு எழுதியிருக்கு. அது சரிதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வீட்டுல என்னென்ன தயாரா இருக்கணும்?

பதில் 1 (டர்பன்)

அக்கா, முதல்ல காகித வேலை. நீங்க இருக்கிறது செக்‌ஷனல் டைட்டில் காம்ப்ளக்ஸா (வீடு தனித்தனி சொந்தம், பொது இடம் எல்லாருக்கும் சேர்த்து) இருந்தா, பொதுவான நடத்தை விதிப்படி அதை நிர்வாகம் பண்ற டிரஸ்டிகள் எழுத்துல சம்மதம் தரணும். விதியிலேயே விலங்கு, பறவையோட ஊர்வனவும் சேர்த்திதான். நாய், பூனைக்கு மட்டும்னு நினைச்சு நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. வாடகை வீடுன்னா வீட்டுக்காரர் சம்மதம் தனி. பாம்பு வளர்க்கிற பெர்மிட் விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அதைப் பார்க்கிற வனவிலங்கு அமைப்பு, குவாசுலு-நட்டாலில் எசெம்வேலோ கேஇசட்என் வைல்ட்லைஃப், வெஸ்டர்ன் கேப்பில் கேப்நேச்சர். வாங்குறதுக்கு முன்னாடியே மெயில் போட்டுக் கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்குங்க.

இன்னொண்ணு. நல்லா வளர்த்தா 15 முதல் 20 வருஷம் இருக்கும். மூணு வருஷ ஒப்பந்தத்துல வந்தவங்க, ஊர் திரும்பும்போது யார்கிட்ட கொடுப்போம்னு இப்பவே பேசி வைக்கணும். இது அமெரிக்காவோட தென்கிழக்கு மாநிலங்கள்ல வாழுற பாம்பு. இங்க தோட்டத்துல விட்டுட்டுப் போறது சட்டப்படி தப்பு.

பெட்டி: குட்டிக்குப் பெருசு வேண்டாம். காற்றுத் துளை போட்ட 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், ஆனா மூடிக்கு ரெண்டு பக்கமும் கிளிப் இருக்கணும். பென்சில் நுழையிற இடைவெளி இருந்தா குட்டியும் நுழைஞ்சிடும். வளர்ந்தப்புறம் 120 செ.மீ. நீளப் பெட்டி. டப்பாவோட அடியில மூணுல ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு). தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லாம மேட்டைப் போடவே கூடாது, வயிறு வெந்துடும். சென்சாரைச் சூடான பக்கத் தரையில ஒட்டுங்க. அங்க 29 முதல் 31 டிகிரி, மறுபக்கம் 22 முதல் 24. ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்க ஒவ்வொரு இடம். ஒரு பக்கம் மட்டும் வச்சா, குளிருதோ சுடுதோ, பாதுகாப்புக்காக அங்கேயே முடங்கிக் கிடக்கும். முதல் மாசம் தரைக்கு கிச்சன் பேப்பர். எச்சமும், மைட்ங்கிற சின்ன ஒட்டுண்ணியும் உடனே கண்ணுல படும். பைன், சீடர் மரச்சீவல் வேண்டாம், அந்த எண்ணெய் வாசம் மூச்சுக்கு ஆகாது. டர்பன் காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால தண்ணி தெளிக்காதீங்க. காற்றோட்டம்தான் முக்கியம்.

வந்த முதல் ஏழு நாள் தொடவே கூடாது. மகளுக்கு இதுதான் கஷ்டமா இருக்கும், டப்பா மேல துணி போட்டு வைங்க. அஞ்சாறு நாள் கழிச்சு முதல் சாப்பாடு: 2 முதல் 3 கிராம் பிங்கி, அதாவது முடி முளைக்காத உறைய வச்ச எலிக்குட்டி. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சு இளக விட்டு, காலையில பிளாஸ்டிக் பையோட 40 டிகிரி தண்ணியில பத்து நிமிஷம். மைக்ரோவேவ்ல வச்சா உள்ளே வெந்து வெடிக்கும். இடுக்கியால நீட்டுங்க, விரலால வேண்டாம். அஞ்சிலிருந்து ஏழு நாளுக்கு ஒரு தடவை. சாப்பிட்டதும் 48 மணி நேரம் கையில எடுக்கக் கூடாது. சாப்பிட்டதைக் கக்கிட்டா பெரும்பாலும் காரணம் மூணுதான்: குளிர், பெரிய இரை, சாப்பிட்ட உடனே கையில எடுத்தது. பத்துப் பதினாலு நாள் விட்டு, முன்னைவிடச் சின்னதா கொடுங்க. அவசரப்பட்டுத் திரும்ப ஊட்டினா மறுபடி கக்கி மெலிஞ்சு போகும்.

வீட்டுல சைவம்னா ஃப்ரீசர் பேச்சை முதல்லயே முடிச்சிடுங்க. முழு எலியைத் தவிர வேற வழி இல்ல. தனியா ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கினா வீட்டுல சண்டை வராது. ஊர்லேருந்து வர்ற பெரியவங்க ஆசையா பால் வைக்கப் பார்ப்பாங்க, அதுக்குச் செரிக்காது. தொட்டப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவணும், சால்மொனெல்லா பயம் நிஜம். அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள தம்பி தங்கச்சி கையில கொடுக்காதீங்க.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நிறத்துக்கு வர்றேன். அனெரின்னா சிவப்பு நிறமி இல்லாதது, ஹைப்போன்னா கறுப்பு குறைஞ்சது. ரெண்டும் சேர்ந்தாத்தான் கோஸ்ட். சாம்பலா இருக்கிற குட்டியை எல்லாம் கோஸ்ட்னு விக்கிறது சகஜம், அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீங்க.

ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல பாருங்க, கடை விளக்குல எல்லாமே அழகாத்தான் தெரியும். கண்ணு பால் மாதிரி மங்கியிருந்தா சட்டை உரிக்கப் போகுது, அப்போ பார்த்துப் பிரயோஜனமில்ல. உரிச்ச மறுநாள் பாருங்க.

முதல்ல கழுத்துக்குப் பின்னாடி, முதுகுத் திட்டுகளுக்கு நடுவுல. அங்க ஆரஞ்சு தெரிஞ்சா அது சாதாரண நிறம்தான். சாதாரணக் குட்டிகளும் பிறந்த புதுசுல சாம்பலாத்தான் இருக்கும், சிவப்பு போகப்போகத்தான் ஏறும். ஆரஞ்சே இல்லன்னா அனெரி வகை. அடுத்து திட்டோட விளிம்பு. அழுத்தமான கறுப்பா இருந்தா வெறும் அனெரி, வெளுத்த பழுப்பா இருந்தா கோஸ்ட்டா இருக்கலாம். மூணாவது வயிறு. மகள் கையில இருக்கும்போது நீங்க கீழேயிருந்து பாருங்க: அனெரிக்கு வெள்ளையில கறுப்புக் கட்டம், கோஸ்ட்டுக்கு அந்தக் கட்டமே மங்கலா இருக்கும். கட்டமே இல்லன்னா மோட்லி, ஸ்ட்ரைப், டிஃப்யூஸ்ட் மாதிரி வேற மரபணு உள்ளே இருக்கு. உரிச்ச சட்டையையும் தூக்கிப் போடாதீங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அனெரி சட்டையில திட்டு நல்லாத் தெரியும், ஹைப்போவில மங்கிடும்.

கழுத்துல மஞ்சள் இன்னும் வரலைன்னு உடனே சார்க்கோல்னு (அனெரி மாதிரியே சாம்பலா இருக்கிற, ஆனா வேற மரபணு வகை) முடிவு கட்டாதீங்க. அனெரிக்கு அந்த மஞ்சள் மாசக்கணக்குல மெல்லத்தான் வரும். வளர்ந்தும் வராம இருந்தாத்தான் சார்க்கோலா இருக்கும்.

"ஹெட் அமெல்"ங்கிறதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அமெல்னா கறுப்பு நிறமி இல்லாதது; ஹெட்னா அந்த மரபணுவோட ஒரு பிரதி மட்டும் மறைஞ்சிருக்குன்னு அர்த்தம். தாயோ தகப்பனோ சிவப்புக் கண்ணுள்ள அமெலா இருந்தா அமெலா இல்லாத குட்டி எல்லாம் நிச்சயம் ஹெட். ரெண்டுமே ஹெட்டா இருந்து, குட்டி அமெலா இல்லன்னா, மூணுல ரெண்டு பங்கு வாய்ப்புதான். பெற்றோர் படத்தைக் கேளுங்க. இனப்பெருக்கம் பண்ண வைக்கிற எண்ணம் இல்லன்னா ஹெட்டுக்காக ஒரு ராண்ட்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (டர்பன்)

நன்றி. ஹீட் மேட்டை இந்தியாவிலிருந்து வர்றவங்க கிட்ட வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

பதில் 3 (ஜோகன்னஸ்பர்க்)

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், ஆனா நம்மூர்ச் சின்ன மூணு முள் பிளக் இங்க உள்ள பெரிய சாக்கெட்ல நிக்காது. தளர்வான அடாப்டர்ல ராத்திரி பகலா ஓடுற சாமானை மாட்டாதீங்க, இங்கேயே வாங்கிடுங்க. லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) இல்லாத மாசத்துலயும் ஏரியா ஃபால்ட்டுல கரண்ட் போகும். டர்பன்ல ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணும் ஆகாது. இங்க ஜூன், ஜூலை ராத்திரியில அப்படி விட முடியாது. சின்ன மேட் பத்து வாட் சுமார்தான் இழுக்கும், வைஃபைக்கு வச்சிருக்கிற இன்வெர்ட்டரே தாங்கும். இங்கக் குளிர்காலக் காத்து வறண்டது, சட்டை துண்டு துண்டா உரியும். ஈரப் பாசி போட்ட ஒரு டப்பா உள்ளே வைங்க, வால் நுனியிலும் கண்ணிலும் பழைய தோல் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

தப்பிச்சுப் போச்சுன்னா இருட்டுல வீட்டு நடைபாதையில தெரியிற பாம்பு உங்களோடதுன்னு நினைச்சுக் கை வைக்காதீங்க. டர்பன்ல இம்ஃபேசின்னு சொல்ற விஷம் துப்புற மொசாம்பிக் நாகம் வீட்டுக்குள்ளேயே வரும். ஸ்டிலெட்டோ பாம்புன்னு சின்னதா, கருப்பா ஒண்ணு உண்டு, அதைத் தலைக்குப் பின்னாடி பிடிச்சாலும் பக்கவாட்டுப் பல்லால குத்திடும். டார்ச் அடிச்சு அஞ்சு மீட்டராவது தள்ளி நின்னு பாருங்க. நிறம் துளி சந்தேகமா இருந்தாலும் அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்குல துண்டு அடைச்சிட்டு, பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடுங்க. உங்க ஏரியாக்காரர் நம்பரை பாம்பு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போன்ல போட்டு வைங்க. மகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்க.