மாவட்டக் கோட்டா: ரியூசன் வாசலில் கேட்டவை

இலங்கையில் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடும் மாவட்டக் கோட்டாவை எடுத்துவிட்டு எல்லாரையும் திறமை அடிப்படையில் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் அடிக்கடி எழும். மகள் உயர்தரத்தில் பயோ படிப்பதால் அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் இதுதான் கதை.

நல்லூர்ப் பக்க அப்பா ஒருவர் கோபமாகச் சொன்னார்: "எங்கட பிள்ளையள் இரவு பகலாப் படிச்சும் மெடிசின் தவறுது. பக்கத்து மாவட்டத்தில குறைஞ்ச இசட் புள்ளிக்குக் கிடைக்குது." இசட் புள்ளி என்பது உயர்தரப் புள்ளிகளைச் சீராக்கிக் கணக்கிடும் தெரிவுப் புள்ளி.

அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. என் மாமனார் இன்னும் 1971ஐப் பற்றித்தான் பேசுவார். அப்போது மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். இப்படி மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வைத்த அந்தத் தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் குரல் மாறிவிடும். ஆனால் இன்றைய கோட்டா மொழியைப் பார்ப்பதில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியில்லை.

இசட் புள்ளியை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. கடினமான வினாத்தாளில் எடுத்த 60ஐயும் இலகுவானதில் எடுத்த 60ஐயும் சமமாக எண்ணாமல், சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறார்களே, அந்த முறை அப்படியே தொடரட்டும்.

என்னை உலுக்கியது நெடுந்தீவு அம்மா ஒருவர் சொன்னதுதான். மகனுக்காக ரவுனில் அறை எடுத்து இருக்கிறார். "கோட்டாவில நாங்களும் யாழ்ப்பாணம்தானே தம்பி. ஊரில இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் ஓடாத நாளில ரியூசனும் இல்லை. ஆனா வெட்டுப்புள்ளி ரவுன் பிள்ளைக்கும் என்ர பிள்ளைக்கும் ஒண்டுதான்."

கோட்டாவை நீக்கினால் முதலில் அடிபடுவது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள். இப்படியே விட்டாலும் தீவகப் பிள்ளைக்குப் பயன் குறைவு. அதனால் மாவட்டத்தோடு நிற்காமல் வலயம், பாடசாலை என்று இறங்கிப் பார்க்கும் மாற்றத்தைத்தான் நாம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பச் சொல்ல வேண்டும்.

தீவகத்திலோ வன்னியிலோ பிள்ளை படிக்கும் பெற்றோர் இருந்தால், எந்தப் பாடத்துக்கு எத்தனை தவணையாக ஆசிரியர் இல்லை என்று எழுதுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை முன்வைத்துப் பேசலாம்.