லினியமெண்ட்: பிளவுக்கோடா, நிலவரியா, நிலக்கீற்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

செயற்கைக்கோள் படத்தில் நிலத்தின் மேல் நேர்கோடாகத் தெரியும் அடையாளத்தை நிலவியலில் ‘லினியமெண்ட்’ (lineament) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பிளவுக்கோடு’ போதும் என்று போன மடலில் முடித்துவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

பர்கூர் மலையடியில் என் மாமா தோட்டத்துக் கிணறு எழுபது அடி. கோடையில் மூன்று பக்கச் சுவரும் காய்ந்து கிடக்கும். தென்மேற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை நுழையும் அகலத்தில் ஒரு பாறை வெடிப்பு. ஊத்து அதில்தான். அங்குள்ள சார்னோகைட்டும் நைசும் இறுகிய பாறைகள். மேலே சிதைந்த பகுதியையும் கீழே வெடிப்புகளையும் விட்டால் நீர் நிற்க இடமில்லை. அதனால்தான் மலைப்பகுதிக்கு நிலத்தடி நீர்வாய்ப்பு வரைபடம் போடும்போது சரிவு, மண், ஓடையடர்த்தி ஆகியவற்றோடு செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நேர்கோடுகளையும் சேர்க்கிறோம்.

ஆனால் படத்தில் தெரிவது கோடு மட்டும்தானே? மோயாற்றுப் பள்ளத்தாக்கு அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல நீளும். அது பாறைகள் நொறுங்கி நழுவிய வலயம். இன்னொரு கோடு, பாறை வெடிப்பில் தீக்குழம்பு புகுந்து இறுகிய டோலரைட் சுவராக இருக்கும். அது தண்ணீரை மறிக்கவும் செய்யும். மற்றொன்று, காட்டை வெட்டிப் போட்ட மின்கம்பிப் பாதை! எல்லாவற்றுக்கும் பிளவு என்று பெயரிலேயே தீர்ப்பெழுதிவிட்டால், அப்புறம் களத்துக்குப் போய் எதைச் சரிபார்ப்பது?

அடுத்த தெரிவான ‘நிலவரி’ அழகான சொல்தான். ஆனால், அந்தியூர்ச் சந்தையில் நின்று, “உங்க காட்டுல நிலவரி அதிகமா இருக்குதுங்க” என்று சொல்லிப் பாருங்கள். கிஸ்தி கேட்க ஆள் வந்துவிட்டது என்பார்கள்.

1904-இல் அமெரிக்க நிலவியலாளர் ஹாப்ஸ் ‘லினியமெண்ட்’ என்ற சொல்லை நிலவியலுக்குக் கொண்டுவந்தார். முகத்தில் தெரியும் கோடு, கூறு என்பது அதன் பழைய பொருள். நாம் நெற்றியில் திருநீற்றைக் கீற்றாக இடுகிறோம். ஆகவே ‘நிலக்கீற்று’. தெரிவதைச் சொல்லும், காரணம் சொல்லாது. கீற்றடர்த்தி, கீற்றுச்சந்தி என்று நீட்டவும் வரும்.

மறுமடல்:

அண்ணா, கீத்துன்னா எங்களுக்குப் பந்தல் மேயுற தென்னங்கீத்துதானுங்க.

பதில்:

தெரியும் தம்பி. பிறையையும்தான் கீற்று என்கிறோம். முன்னால் ‘நிலம்’ நிற்பதால் யாரும் பந்தல் மேய வரமாட்டார்கள். என் படத்தின் குறிவிளக்கத்தில் ‘நிலக்கீற்று அடர்த்தி’ என்றே போட்டுவிட்டேன். மின்கம்பிப் பாதை ஒன்று இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.