நிக்கோ இல்லாத மெய்டன் மெய்டனே இல்லையா? லண்டன் ஷோ பாத்துட்டு வந்து எழுதுறேன்

சிம்மக்கல்_பேஸ்:
"டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் போனதோட அயர்ன் மெய்டன் மெட்டல் பேண்டே முடிஞ்சிருச்சு, இப்ப ஊர் ஊரா சுத்துறது பழைய பாட்ட வச்சு காசு பாக்குற கம்பெனி"ன்னு ஒத்தக்கடை அண்ணே இங்க எழுதியிருந்தாரு, நெறைய பேரு லைக்கும் போட்டிருந்தாய்ங்க. என்னால அத ஒத்துக்க முடியாது, ஏன்னா அந்த டூர நேர்ல பாத்துட்டு வந்து எழுதுறேன்.

நான் 2009 பிப்ரவரி 15 பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ் ஷோவுக்கு மாட்டுத்தாவணில பஸ் ஏறிப் போனவன். அதுக்கப்புறம் மெய்டன விட்டுட்டேன். 2010ல வந்த ஆல்பமும் சரி 2015ல வந்த டபுள் ஆல்பமும் சரி எனக்குள்ள எறங்கவே இல்ல, மெதுவா ஆரம்பிச்சு ஒரே வரிய திரும்பத் திரும்பப் பாடி இழுத்துக்கிட்டே போற மாதிரி பட்டுச்சு, இன்னைக்கும் அந்த எண்ணம் மாறல. கல்யாணம், வேலைன்னு பேஸ் கிட்டாரும் பரணுக்குப் போயிருச்சு. இப்ப ஆபீஸ் வேலையா லண்டன் போயிருந்தப்ப 2025 ஜூன் 28 லண்டன் ஸ்டேடியம் ஷோவுக்கு டிக்கெட் கெடச்சுச்சு. வெஸ்ட் ஹாம் ஃபுட்பால் கிளப்போட கிரவுண்டு அது, பேண்ட ஆரம்பிச்ச பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் சின்னப் பையனா இருக்கப்ப அந்த கிளப்புல பந்து ஆடிப் பழகுனவரு, பொறந்தது பக்கத்துல லேட்டன்ஸ்டோன். மனுசன் சொந்த ஏரியாவுல, 69 வயசுல, மேடை மானிட்டர் ஸ்பீக்கர் மேல கால வச்சு பேஸ கூட்டத்தப் பாத்து துப்பாக்கி மாதிரி நீட்டுறாரு பாருங்க, அங்கயே எனக்கு பாதி கோவம் போச்சு.

மீதி போனது ரைம் ஆஃப் த ஏன்சியன்ட் மரைனர் பாட்டுல. 1984ல பவர்ஸ்லேவ் ஆல்பத்துல வந்தது, பதிமூணு நிமிசத்துக்கு மேல ஓடும். 2009ல பெங்களூர்ல இதக் கேட்டேன், அந்த வருசத்துக்கு அப்புறம் அத மேடைக்கே கொண்டு வரல, இந்த 2025 டூர்ல தான் திரும்ப வாசிக்கிறாய்ங்க. நடுவுல எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போட, பேஸ் மட்டும் தனியா பைய நடந்து போகும்ல, அந்த எடத்துல நான் நிக்கோ எடத்துக்கு வந்த டிரம்மர் சைமன் டாசனயே பாத்துக்கிட்டு இருந்தேன். மனுசன் அவசரப்படல. சிம்பல்ல லேசா தொட்டுட்டு விட்டுட்டாரு. பேஸ் மேல ஏற ஏற கூடவே ஏறி, பாடகர் புரூஸ் அந்த கத்தல் கத்துறப்ப தான் முழு கையையும் எறக்குனாரு. பெங்களூர்ல நிக்கோ இதே எடத்த எப்பவும் போல ஒரு துள்ளலோட வாசிச்சாரு, அது வேற அழகு. ஆனா ரெக்கார்டுல இருக்குற அந்த பயம் லண்டன்ல தான் எனக்கு கெடச்சுச்சு. இது டூப்ளிகேட் பேண்டுனு யாராச்சும் சொன்னா நான் சண்டைக்கு வருவேன்.

ஒத்தக்கடை_டிரம்மர்:
வாங்க தம்பி, நல்லபடியா பாத்துட்டு வந்தது சந்தோசம். ஆனா நான் சொன்னதுல இருந்து எறங்க மாட்டேன். சைமன் டாசன் மோசமான டிரம்மர்னு நான் எங்கயும் சொல்லல, ஹாரிஸோட பிரிட்டிஷ் லயன் பேண்டுல பல வருசம் வாசிச்ச ஆளு, கை சுத்தம். என் பேச்சு அது இல்ல.

நான் பசங்களுக்கு டிரம்ஸ் சொல்லிக்குடுக்குறவன். மெய்டன் கேலப்னு சொல்றோம்ல, ஒரு நீளம் ரெண்டு குட்டை, டம் டக டம் டக டம் டக, அத ஹாரிஸ் விரல்ல வாசிப்பாரு, கம்பி தட்டுற பிக்க தொட மாட்டாரு. அந்த விரலுக்கு சமமா கீழ நிக்கோவோட வலது கால் ஓடும், அதுவும் ஒத்தப் பெடல்ல, அதுவும் செருப்பில்லாத வெறுங்கால்ல. நம்ம பயலுக டபுள் பெடல் வாங்குனா தான் மெட்டல்னு நெனக்கிறாய்ங்க, அந்த மனுசன் ரெக்கார்டிங்ல டபுள் பெடலத் தொட்டதே 2003 ஆல்பத்துல ஒரே ஒரு பாட்டுக்கு. இந்த விரலும் அந்தக் காலும் 1982 கடைசில சேந்தது, 2024 டிசம்பர் 7 சாவ் பாலோ ஷோ வரைக்கும் பிரியல. 2023 ஜனவரில பக்கவாதம் வந்து வலது பக்கம் முடங்கிப் போச்சு அவருக்கு, அதே வருசம் மே மாசக் கடைசில டூர்ல உக்காந்து வாசிச்சாரு. சில ஃபில்ஸ, அதான் நடுவுல வர்ற உருட்டல, மாத்தி வாசிக்க வேண்டியதாப் போச்சு, தெரியுது, ஆனா அந்த மாத்தி வாசிச்சதுலயும் அவரு தான் இருந்தாரு. அப்பேர்ப்பட்ட ஆளு எந்திரிச்சுப் போன ஆறு மாசத்துக்குள்ள, 2025 மே 27, புடாபெஸ்ட்ல அடுத்த டூர் ஆரம்பிச்சாச்சு. ஒரு வருசம் பொறுத்திருக்கக் கூடாதா? எனக்கு அது வலிக்குது, ஒளிக்க விரும்பல.

கோரிப்பாளையம்99:
அண்ணே ரெண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு டிரம்மர் பிரச்சனையே இல்ல. செட்லிஸ்ட், அதான் வாசிக்கிற பாட்டு வரிசை, அது தான் பிரச்சனை. மொத்த ஷோவும் 1980ல இருந்து 1992 வரைக்கும் வந்த ஒம்போது ஆல்பத்துல இருந்து மட்டும். நான் மெய்டன் கேக்க ஆரம்பிச்சதே 2021ல சென்ஜுட்சு ஆல்பம் வந்தப்ப, சிம்மக்கல் அண்ணன் இழுவைன்னு சொல்ற பாட்டெல்லாம் தான் எனக்கு உசுரு, காலேஜ் பஸ்ல ஹெட்செட் மாட்டிட்டு ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள திருப்பரங்குன்றம் வந்துரும் அம்புட்டு நீளம், ஆனா ஒரு நிமிசம் கூட போர் அடிச்சதில்ல. இதே பேண்டு 2006ல புது ஆல்பம் முழுசையும் மேடையில வரிசையா வாசிச்சாய்ங்க, கீழ நின்னவன் பழசு பழசுன்னு கத்துனாலும் கேக்கல. 2023ல சென்ஜுட்சு பாட்டும் வாசிச்சு, கூடவே 1986ல வந்த அலெக்சாண்டர் த கிரேட்ட 37 வருசம் கழிச்சு மொத தடவையா மேடையேத்துனாய்ங்க. அந்த தைரியத்துக்கு தான் நான் ரசிகன். இப்ப எங்களுக்குன்னு ஒரு பாட்டு கூட இல்ல, 2000க்கு அப்புறம் வந்த ஆறு ஆல்பம் நடக்கவே நடக்காத மாதிரி ஒரு ஷோ.

அப்புறம் மேடை. பின்னாடி துணில வரஞ்ச எட்டிய, அதான் பேண்டோட சின்னமா இருக்குற பூதத்த, எறக்கி எறக்கி மாத்துவாய்ங்கள்ல, அது போயி பெரிய எல்இடி ஸ்கிரீன். கிளிப்ல பாத்தேன், வீடியோ கேம் மாதிரி இருக்கு.

தல்லாகுளத்தார்:
வயசுல மூத்தவன்ற உரிமையில ஒண்ணு சொல்றேன். நம்மூர் டிஎம்எஸ் வயசான காலத்துல கச்சேரி பண்ணப்ப குரல் பழைய மாதிரி இல்ல, மூச்சு வாங்கும், கூட்டம் அப்பவும் ஒவ்வொரு வரிக்கும் கை தட்டும். அது இரக்கம் இல்ல, நன்றி. புரூஸ் டிக்கின்சன் கதையும் அப்படித்தான், 2014 கடைசில நாக்குலயும் தொண்டைலயும் கேன்சர்னு கண்டுபிடிச்சு, 2015ல சரியாகி, 2016ல விமானம் ஓட்டிக்கிட்டே டூர் போன மனுசன். 66 வயசுல மேல் ஸ்தாயில ஒண்ணு ரெண்டு எடம் தவறுனா தவறிட்டுப் போகட்டுமே. நேர்ல போயி உக்காரணும், அவ்ளோதான்.

ஒத்தக்கடை_டிரம்மர்:
ஐயா, உங்க மேல மரியாத உண்டு, ஆனா டிஎம்எஸ் கச்சேரியில டிஎம்எஸ் தான் பாடுனாரு. அவரு எடத்துல வேற ஒருத்தர உக்கார வச்சு டிஎம்எஸ் கச்சேரின்னு போஸ்டர் ஒட்டல.

சிம்மக்கல்_பேஸ்:
ஒத்தக்கடை அண்ணே, இங்க தான் உங்க வாதம் நிக்காது. ஷோவுல மொத நாலு பாட்டும் மொத ரெண்டு ஆல்பத்துல இருந்து. அதுல பாடுனது பால் டி'ஆன்னோ, டிரம்ஸ் கிளைவ் பர். ரன் டு த ஹில்ஸ் ஆரம்பத்துல வர்ற அந்த டிரம்ஸ், உங்க கிளாஸ்ல பசங்களுக்கு மொத பாடமா சொல்லிக்குடுக்குறீங்களே அது, 1982ல கிளைவ் பர் வாசிச்சது. நிக்கோ நாப்பத்திரெண்டு வருசம் அத வாசிச்சாரு, யாரும் அவர வாடகைக்கு வந்த ஆளுன்னு சொல்லல. கிளைவ் 2013ல போயிட்டாரு, பால் 2024 அக்டோபர்ல போயிட்டாரு. லண்டன்ல அந்த நாலு பாட்டும் வரிசையா வந்தப்ப, கோடாலியோட கில்லர்ஸ் எட்டி மேடைக்கு வந்து நிக்கிறப்ப, எனக்கு அவிங்க ரெண்டு பேரு நெனப்பு தான். மெய்டன்ல ஆளு மாறுறது 1975ல பேண்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து நடக்குது, மாறாதது ஹாரிஸ் ஒருத்தரு தான்.

ஐயா சொன்ன குரல் விசயத்துல ஒண்ணு சேத்துக்கிறேன். மெட்டாலிகா பேண்டு மேடையில அரை சுருதி எறக்கித்தான் வாசிக்கிறாய்ங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன். மெய்டன் இன்னும் எறக்கல, பழைய சுருதி தான். புரூஸ் சில வரிய கூட்டத்துக்கு விட்டுக்குடுக்குறாரு உண்மை, ஏசஸ் ஹை பாட்டுல திணறுனதும் உண்மை, ஆனா எறக்கி வச்சுட்டு சொகுசா பாடல.

கோரிப்பாளையம் தம்பி, பழைய பாட்டு டூர் இன்னைக்கு ஆரம்பிச்சதில்ல. நான் போன 2009 பெங்களூர் ஷோவும் முழுக்க பழசு தான். அதே அவிங்க அடுத்த வருசமே அமெரிக்காவுல 2000க்கு அப்புறம் வந்த பாட்டா வாசிச்சு பழைய ரசிகன்கிட்ட திட்டு வாங்குனாய்ங்க. ஒரு டூர் பழசு, அடுத்தது புதுசுன்னு மாத்தி மாத்தி பண்றது அவிங்க வழக்கம். ஸ்கிரீன் விசயத்துல பாதி ஒத்துக்குறேன், சில பாட்டுக்கு கண்ண உறுத்துச்சு, துணி பேக்டிராப் காத்துல ஆடுறப்ப இருக்குற உசுரு அதுல இல்ல. ஆனா ரைம்ல கடலும் கப்பலும் அம்புட்டு அகலத்துக்கு விரியிறப்ப அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு, போன் கிளிப்ல அது தெரியாது. டூருக்கு முன்னாடியே அவிங்க மேனேஜர் ராட் ஸ்மால்வுட் போன உள்ள வையுங்க, கண்ணால பாருங்கன்னு கேட்டுக்கிட்டாரு. என் முன்னாடி நின்ன பெரியவரு ஒருத்தரு கடைசி வரைக்கும் போன எடுக்கல, பேத்தி தோள்ல கை போட்டுட்டு வரி விடாம பாடிட்டு இருந்தாரு.

கோரிப்பாளையம்99:
2009 பாயிண்ட ஒத்துக்குறேன் அண்ணே. ஆனா அப்ப அவிங்களுக்கு அம்பது சொச்சம் வயசு, அடுத்த டூர் நிச்சயம்னு தெரியும். இப்ப அடுத்தது எப்பன்னு யாரு சொல்ல முடியும்? பிளாக் சாபத் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் பர்மிங்காம்ல நாற்காலில உக்காந்து பாடி ரெண்டரை வாரத்துல, 2025 ஜூலை 22 போயிட்டாரு. கடைசி ரவுண்டா கூட இருக்கலாம்னு ஒரு நெலமையில பாதி வாழ்க்கைய விட்டுட்டு மீதிய மட்டும் கொண்டாடுனா, அந்த விட்ட பாதில வந்த நாங்கெல்லாம் யாரு? மெய்டன் மதுரைக்கு வரப் போறதில்ல, பெங்களூர் வந்தா கூட நான் காசு சேத்து வருவேன், வந்து நிக்கிறப்ப என் பாட்டு ஒண்ணாச்சும் வேணும். அதக் கேக்குறது தப்பா?

ஒத்தக்கடை_டிரம்மர்:
தப்பே இல்ல தம்பி, நீ கேக்குறது தான் சரி. சிம்மக்கல் தம்பி, நீங்க கிளைவ் பர இழுத்ததால நானும் நேரா சொல்றேன். நிக்கோ வந்த உடனே என்ன நடந்துச்சு? 1983ல பீஸ் ஆஃப் மைண்ட், மொத பாட்டோட மொத நொடில அவரோட டிரம்ஸ் தான். வந்துட்டேன்னு சொன்ன மாதிரி இருக்கும். கிளைவோட பாட்ட வாசிக்கிற உரிமைய அவரு அந்த ஆல்பத்துல சம்பாதிச்சாரு. டாசன் மெய்டனுக்குன்னு இன்னும் ஒரு பாட்டு கூட ரெக்கார்டு பண்ணல. பண்ணட்டும், நான் மொத ஆளா உக்காந்து கேப்பேன், பசங்களையும் கேக்க வைப்பேன். அது வரைக்கும் என்னப் பொறுத்தவரைக்கும் அவரு நிக்கோ எடத்துல உக்காந்திருக்க நல்ல மனுசன்.

சிம்மக்கல்_பேஸ்:
ஆல்பம் வந்தா தான் உரிமைன்னா, அன்னைக்கு ராத்திரி ரைம் நடுவுல அவரு கைய அடக்கி வச்சிருந்த அந்த ரெண்டு மூணு நிமிசம் எந்தக் கணக்குலண்ணே சேரும்? நான் பேஸ் வாசிச்சவன், அந்த எடத்துல டிரம்மர் ஒரு அடி அதிகமா அடிச்சாலும் பேஸ் செத்துரும், உங்களுக்கே தெரியும். ஹாரிஸ் திரும்பி அவரப் பாத்து தலைய ஆட்டுனத நான் ஸ்கிரீன்ல பாத்தேன். ஹாரிஸ் ஒத்துக்கிட்டத நான் எதுக்கு ஆல்பம் வரைக்கும் தள்ளிப் போடணும்? பேஸுக்கு புது ஸ்டிரிங் மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை உங்க கிளாஸுக்குத் தூக்கிட்டு வாரேன், ரைம் வாசிப்போம், நீங்க நிக்கோ மாதிரி ஒரு தடவ, டாசன் மாதிரி ஒரு தடவ வாசிங்க.

ஒத்தக்கடை_டிரம்மர்:
வாங்க. நான் நிக்கோ மாதிரி மட்டும் தான் வாசிப்பேன்.