பொருள்: ஃபேஸ் சேஞ்ச் ஸ்லரி: கூழா, குழம்பா, அளறா?

நண்பர்களே, குளிர்பதனக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரவில் சில்லர் என்னும் குளிர்விப்பு இயந்திரத்தை ஓட்டி, நீர்மத்தில் மிதக்கும் துகள்களை உறையவைத்துத் தொட்டியில் சேமிக்கிறார்கள். பகலில் அதையே குழாயில் ஓட்டி ஏசிக்குக் குளிர் எடுக்கிறார்கள். இந்தக் கலவைதான் ஃபேஸ் சேஞ்ச் ஸ்லரி. அதற்கு 'நிலைமாற்றக் கூழ்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---
கூழ் வேண்டாம் ஐயா. கொலாய்டு ஏற்கெனவே கூழ்மம். ஐஸ் ஸ்லரியைப் பனிக்கூழ் என்றால் மாணவர் ஐஸ்கிரீம் என்றே படிப்பார். பாறைக்குழம்பு வழக்கில் இருக்கிறது. 'நிலைமாறு குழம்பு' எனலாம். வினைத்தொகை, ஒற்று மிகாது.

---
இலங்கைப் பாடநூல்களில் ஃபேஸ் 'அவத்தை'. நிலை என்பது ஸ்டேட். நிலை மாறும்போது ஏற்கும் வெப்பம் உங்களுக்கு உள்ளுறை வெப்பம், எங்களுக்கு மறைவெப்பம். 'அவத்தைமாறு குழம்பு' தான் துல்லியம்.

---
> அவத்தைமாறு
வடசொல். அதோடு இங்கே அவஸ்தை என்றால் துன்பம். மாணவர் தடுமாறுவார்.

---
பெயர் எதுவானாலும் வகைகளைப் பிரித்துக் காட்டுங்கள். 7 பாகையிலிருந்து 12 பாகைக்குச் சூடேறும் தண்ணீர் கிலோவுக்கு 21 கிலோஜூல்தான் ஏற்கும். 20 விழுக்காடு பனியுள்ள குழம்பில் பனி உருகுவதற்கே 67 கிலோஜூல். ஆனால் பனி உண்டாக்க, சில்லரில் குளிரூட்டும் பகுதியான ஆவியாக்கியின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும், மின்செலவு ஏறும். ஜப்பானில் பயன்படுத்திய டெட்ராபியூட்டைல் அமோனியம் புரோமைடு ஹைட்ரேட்டு (நீரோடு சேர்ந்து படிகமாகும் உப்பு) 5 முதல் 12 பாகைக்குள், சாதாரண அழுத்தத்திலேயே படிகமாகும். சிக்கல் மீக்குளிர்வு: உறைய வேண்டிய வெப்பநிலை தாண்டியும் கரைசல் நீர்மமாகவே நிற்கும். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, உறைந்த குழம்பில் கொஞ்சத்தைத் திருப்பிக் கலந்தால் படிகம் பிடிக்கும். புரோமைடு உலோகத்தை அரிக்கும்; அரிப்புத் தடுப்பி அவசியம். மேலுறையிட்ட பாரஃபின் மெழுகுத் துகள் என்றால் பம்பில் உறை உடைந்து, மெழுகு வெப்பமாற்றியில் படியும்.

---
> பாலுக்கு உறை ஊற்றுவதுபோல
அருமை! சங்கப் பாட்டில் 'அளை' என்றால் தயிர், மோர். அளைதல் என்றால் கலத்தல். சேற்றைக் குறிக்கும் 'அளறு'ம் அதே வேர் என்று நினைக்கிறேன். 'உறையளறு' என்போமே? பனியளறு, மெழுகளறு என்று வகைகளும் தானே வந்துவிடும்.

---
குறளில் அளறு நரகம். அதைவிட, தொட்டிக்கு அருகில் நிற்கும் மெக்கானிக்குக்கு அளறு புரியாது, குழம்பு புரியும். உங்கள் 'உறை'யிலும் குழப்பம்: மேலே ஒரே மடலில் உறைதல், உறை ஊற்றுதல், துகளின் மேலுறை என மூன்று பொருளில் வந்திருக்கிறது.

---
எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி 'நிலைமாறு குழம்பு' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஸ்லரி என்பதையும் சேர்க்கிறேன்.

---
அச்சுக்குப் போகுமுன் என் மறுப்பைப் பதிகிறேன். நிலை மாறுவது துகள் மட்டுமே. தாங்கும் நீர்மம் மாறுவதில்லை. 'நிலைமாறு துகட்குழம்பு' என்பதே சரி.